வாசகர் கேள்வி – பதில்: ஆளில்லாத கோல்ஃப் மைதானத்துக்குப் படியளப்பவர் யார்?

கேள்வி: இரவு வேளைகளில் தொலைக்காட்சியில் அமெரிக்க கோல்ஃப் போட்டிகளைப் பார்ப்பது என் வழக்கம். வியாழன், வெள்ளிக்கிழமைகளில் கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களைப் பல குழிகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெற்றி பெறுபவர் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டு போகிறார். பார்க்க ஆள் வராத விளையாட்டுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு நுழைவுச் சீட்டுகூட விற்காமல் இந்த விளையாட்டு நடக்குமா என்ற சோதனையை 2020-ஆம் ஆண்டே நடத்திக் காட்டிவிட்டது. கொரோனாவால் மூன்று மாதம் நின்றுபோயிருந்த பி.ஜி.ஏ. டூர் (அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை கோல்ஃப் தொடர்; அதை நடத்தும் அமைப்புக்கும் இதே பெயர்), அந்த ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள கலோனியல் மைதானத்தில் மீண்டும் தொடங்கியபோது, பொதுமக்கள் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. பந்து குழியில் விழுந்தால் கைதட்ட ஆளில்லை. வீரர்கள் பழக்கதோஷத்தில் தொப்பியைத் தொட்டு வெறும் புல்வெளிக்கு வணக்கம் வைத்தார்கள். அப்படியிருந்தும், அறிவித்திருந்த 75 லட்சம் டாலர் பரிசுத் தொகையில் ஒரு டாலரும் குறையவில்லை; ஆட்டம் சமனாகி, கூடுதல் குழியில் வென்ற டேனியல் பெர்கருக்கு வழக்கமான 18 விழுக்காடு, அதாவது 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கிடைத்தது.

அடுத்த மாதம் நடந்தது இன்னும் வெளிப்படையானது. இல்லினாய் மாநிலத்தில் நடக்க வேண்டிய ஜான் டியர் கிளாசிக் போட்டி ரத்தானது. காலியான அந்த வாரத்துக்கு வொர்க்டே என்ற மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் புதிதாக ஒரு போட்டியையே உருவாக்கி, ஒஹாயோவின் மியூர்ஃபீல்டு வில்லேஜ் மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் நடத்தி முடித்தார்கள். காலின் மொரிகாவா வென்றார். அடுத்த வாரமே அதே மைதானத்தில் வேறொரு போட்டி நடந்தது. ஆக, ஒரு தொழில்முறை கோல்ஃப் போட்டிக்குத் தவிர்க்க முடியாதவை என்று பார்த்தால் ஒரு மைதானம், நூற்றைம்பது வீரர்கள், ஒரு ஒளிபரப்பு, ஒரு நிறுவனத்தின் பெயர் ஆகிய நான்குதான். பார்வையாளர் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் கோயில் திருவிழாக்களில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஓர் உபயதாரர் இருப்பார். அன்று சாமி பார்க்க ஆயிரம் பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் உற்சவம் நடக்கும், அழைப்பிதழில் உபயதாரரின் பெயர் இருக்கும். அமெரிக்க கோல்ஃபின் கணக்கும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இது தொடக்கத்திலிருந்து இப்படி இருந்ததில்லை. முன்பு பாடகர்கள், நடிகர்கள் பெயரிலேயே போட்டிகள் நடந்தன: சான்டியாகோவில் ஆண்டி வில்லியம்ஸ், லாஸ் ஏஞ்சலிஸில் கிளென் கேம்பல், பெபிள் பீச்சில் பிங் கிராஸ்பி, கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் பாப் ஹோப். அவர்கள் வந்து நின்றால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காசு வரும் என்பது அன்றைய நம்பிக்கை. 1974 முதல் 1994 வரை டூரின் ஆணையராக இருந்த டீன் பீமன் இந்த ஏற்பாட்டை மாற்றினார். அவரும் ஒரு காலத்தில் விளையாடி வென்றவர். காப்பீட்டுத் தொழிலில் இருந்தவரும்கூட. அவருடைய காலத்தில்தான் நட்சத்திரங்களின் பெயர் இருந்த இடத்துக்கு நிறுவனங்களின் பெயர் வந்தது. பிங் கிராஸ்பியின் போட்டி 1986-இல் ஏ.டி. அண்ட் டி. போட்டியாயிற்று.

பெயர் மாற்றத்தைவிட முக்கியமானது அதற்குப் பின்னிருந்த ஒப்பந்தம். போட்டிக்குத் தன் பெயரை வைக்கும் நிறுவனம், பரிசுத் தொகையில் ஒரு பங்கைத் தருவதோடு நின்றுவிடாமல், அந்தப் போட்டியின் ஒளிபரப்பில் குறிப்பிட்ட அளவு விளம்பர நேரத்தையும் விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்கிறது. இதனால் தொலைக்காட்சி நிறுவனம் போட்டி தொடங்கும் முன்பே தன் விளம்பர நேரத்தில் கணிசமான பகுதியை விற்றுவிடுகிறது; எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற கவலை அதற்குப் பாதியாகக் குறைகிறது; கவலை குறைவதால் ஒளிபரப்பு உரிமைக்கு டூர் கேட்கும் தொகையைத் தயங்காமல் தருகிறது; டூர் அதிலிருந்து பரிசுத் தொகைக்கான தன் பங்கைக் கொடுக்கிறது. பணம் ஒரு வட்டமாகச் சுற்றி வருகிறது, அந்த வட்டத்தில் நுழைவுவாயில் எங்குமே இல்லை. 2022 முதல் 2030 வரைக்கான ஒன்பது ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அது அறிவிக்கப்பட்டது 2020 மார்ச் 9 அன்று. அதே வாரத்தில் டூரின் முதன்மைப் போட்டியான பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் முதல் சுற்றோடு கைவிடப்பட்டு உலகமே ஊரடங்குக்குள் போனது. இரண்டு வாரம் தாமதித்திருந்தால் பேரம் எப்படி முடிந்திருக்குமோ!

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களும் அமெரிக்கக் கால்பந்தோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், வசதியானவர்கள், ஓய்வுக்காலச் சேமிப்பு வைத்திருப்பவர்கள். அதனால்தான் இடைவேளைகளில் குளிர்பானமும் சோப்பும் வராமல் பங்கு முதலீடு, காப்பீடு, கைக்கடிகாரம், சொகுசு கார் ஆகியவையே மாறி மாறி வருகின்றன. ஒரு கோடிப் பேரிடம் பத்து ரூபாய்ப் பொருளை விற்பவருக்கு இந்த விளையாட்டு பயன்படாது. பத்தாயிரம் பேரிடம் பல லட்ச ரூபாய்ப் பொருளை விற்பவருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். காக்னிசன்ட் நிறுவனம் ஃபுளோரிடாவில் ஒரு கோல்ஃப் போட்டிக்குத் தன் பெயரை வைத்திருக்கிறது. கடையில் பொருள் விற்காத ஒரு நிறுவனத்துக்கு இதனால் என்ன ஆதாயம்?
— வாசகி, சென்னை

பதில்: கடையில் பொருள் விற்காத நிறுவனம் என்பதால்தான் ஆதாயம். ஃபுளோரிடாவின் பாம் பீச் கார்டன்ஸில் நடக்கும் அந்தப் போட்டிக்கு 1982 முதல் 2023 வரை ஹோண்டாவின் பெயர் இருந்தது. ஒரே நிறுவனம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பெயர் கொடுத்தது அந்த டூரில் அபூர்வம். ஹோண்டா விலகியதும், 1994-இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் சொந்தத் தொழில்நுட்பப் பிரிவாகச் சென்னையில் பிறந்து, இன்று நியூ ஜெர்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் காக்னிசன்ட் அந்த இடத்துக்கு வந்தது. 2024 முதல் அது காக்னிசன்ட் கிளாசிக்.

கார் வாங்குபவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஓர் அமெரிக்க வங்கியின் மென்பொருள் பணியை வெளியே கொடுக்கலாமா, கொடுத்தால் யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்பவர்களோ அந்த வங்கியில் மூன்று, நான்கு பேர்தான். அவர்களை விளம்பரப் பலகை வைத்துப் பிடிக்க முடியாது. அலுவலகத்தில் அரை மணி நேரம் சந்திக்க வாய்ப்புக் கிடைப்பதே அரிது. இந்த இடத்தில்தான் புதன்கிழமை வருகிறது. போட்டி வியாழனன்று தொடங்கும் என்றாலும், அதற்கு முந்தின நாள் 'புரோ-ஆம்' என்ற ஆட்டம் நடக்கும்: ஒரு தொழில்முறை வீரரோடு சில அமெச்சூர்கள் சேர்ந்து ஆடுவார்கள். அந்த இடங்களுக்கு விலை உண்டு, அது ஆயிரக்கணக்கான டாலரில் இருக்கும். முதன்மை விளம்பரதாரருக்கு ஒப்பந்தத்தின் பகுதியாகவே சில இடங்கள் கிடைக்கும். வங்கியின் தொழில்நுட்பத் தலைவர் ஒருவர், தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த வீரரோடு ஐந்து மணி நேரம் புல்வெளியில் நடக்கிறார். கூடவே நடப்பவர் விளம்பரதார நிறுவனத்தின் துணைத் தலைவர். வீரர் இந்த வங்கிக்காரரின் மட்டைப் பிடியைத் திருத்துகிறார், இவர் தவறவிட்ட பந்தைப் பார்த்து நயமாகச் சிரிக்கிறார், முடிவில் ஒரு கொடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அந்தக் கொடி வங்கி அலுவலகச் சுவரில் பல வருடம் தொங்கும். வாரக் கடைசியில் அதே விருந்தினர்கள் கடைசிக் குழிகளின் ஓரத்தில் குளிரூட்டிய கூடாரத்தில் அமர்ந்திருப்பார்கள். தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் பல வெள்ளைக் கூடாரங்கள், வாசலில் சீட்டு வாங்காமலே வந்தவர்களால் நிரம்பியவை.

இந்தப் புதன்கிழமைக்கு டூர் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதற்கு ஜிம் ஃப்யூரிக் கதையே போதும். 2010 ஆகஸ்டில் பார்க்லேஸ் போட்டியின் புரோ-ஆம் ஆட்டத்துக்கு அவர் சில நிமிடம் தாமதமாக ஓடி வந்தார்; இரவில் கைப்பேசியின் மின்கலம் தீர்ந்து, வைத்திருந்த அலாரம் அடிக்கவில்லை. ஆண்டின் தரவரிசையில் அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தவர் அவர். ஆனாலும் அந்த வாரப் போட்டியிலிருந்தே அவரை நீக்கிவிட்டார்கள். சக வீரர்கள் முணுமுணுத்தார்கள், விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஃப்யூரிக் அடுத்த மாதம் டூர் சாம்பியன்ஷிப்பையும் பருவம் முழுவதற்குமான ஃபெடெக்ஸ் கோப்பையையும் வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். வாடிக்கையாளரோடு ஆடும் ஆட்டத்துக்கு வராதவர் பரிசுக்காக ஆடும் ஆட்டத்துக்கும் வரக்கூடாது என்ற விதி எந்தத் தொழிலின் விதி என்று யோசித்துப் பாருங்கள்.

செலவு? ஒரு சாதாரண வாரத்துக்கே முதன்மை விளம்பரதாரர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் தருவதாகச் செய்திகள் கூறுகின்றன. அமெரிக்காவில் 2017-இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டபோது, வாடிக்கையாளர்களைக் களிப்பூட்டச் செய்யும் செலவில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை போய்விட்டது. விளம்பரச் செலவுக்கான கழிவு மட்டும் தொடர்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒரு பெரிய மென்பொருள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பெரிதல்ல என்று காக்னிசன்ட் போன்ற நிறுவனம் கருதினால் அதில் வியப்பில்லை. ஒப்பந்தம் கோல்ஃபால்தான் கிடைத்தது என்று எவராலும் நிரூபிக்க முடியாது என்பது வேறு விஷயம். நிரூபிக்க முடியாததால்தான் நிறுத்தவும் துணிய மாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு பணம் புரளும் இடத்தில் கயிறு பிடிப்பவர்களும், 'அமைதி' என்ற அட்டையைத் தூக்கி நிற்பவர்களும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்று படித்தேன். உண்மையா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: உண்மை. பல போட்டிகளில் அவர்கள் தங்கள் சீருடைக்குத் தாங்களே பணமும் கட்டுகிறார்கள். ஒரு வாரப் போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேண்டும். அவர்களுக்குக் கூலி கொடுப்பதாக இருந்தால் பல ஊர்களில் போட்டியே நடக்காது.

இதற்குக் காரணம் இந்த அமைப்பின் விசித்திரமான கட்டுமானம். பி.ஜி.ஏ. டூர் போட்டிகளைப் பெரும்பாலும் டூர் நேரடியாக நடத்துவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஓர் உள்ளூர் அறக்கட்டளை அல்லது சங்கம் நடத்துகிறது. அது இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு பெற்றது. மிஞ்சும் பணம் அந்த ஊர் மருத்துவமனை, பள்ளி, அனாதை இல்லம் என்று போகிறது. இப்படி டூரின் போட்டிகள் தொண்டுக்கு வழங்கிய தொகை 2020-இல் மொத்தம் 300 கோடி டாலரைத் தாண்டியது. ஊருக்கு நல்லது செய்யும் காரியம் என்பதால் ஓய்வுபெற்ற ஆசிரியரும் பல் மருத்துவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் நிற்கிறார்கள்.

கூட்டம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் இதுதான். சீட்டு, பீர், வாகன நிறுத்தம் ஆகியவற்றின் வருமானம் இந்த உள்ளூர் அமைப்புக்கே சேர்கிறது. நல்ல கூட்டம் வந்தால் மருத்துவமனைக்கு ஒரு புதிய பிரிவு கிடைக்கும். வராவிட்டால் அது கிடைக்காமல் போகலாம், ஆனால் வெற்றியாளரின் பரிசு குறையாது. கூட்டம் அலைமோதும் ஓர் ஊரும் இருக்கிறது: அரிசோனாவின் ஃபீனிக்ஸ் ஓபனில் 2018-இல் ஒரு வாரத்துக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக அறிவித்தார்கள், அங்கே பதினாறாவது குழியைச் சுற்றி ஒரு விளையாட்டரங்கமே எழுப்பப்பட்டிருக்கிறது. அது விதிவிலக்கு.

விதிக்குப் பொருத்தமான ஊர் ஜான் டியர் கிளாசிக் நடக்கும் சில்விஸ். டிராக்டர் செய்யும் ஜான் டியரின் தலைமையகம் பக்கத்து மோலினில்தான். சுற்றுவட்டாரம் முழுவதையும் சேர்த்தாலும் நம் மதுரையில் பாதிகூட இராது. அடுத்த வாரத்தில் பிரிட்டனில் ஓபன் சாம்பியன்ஷிப் இருந்ததால் பல ஆண்டுகள் முன்னணி வீரர்கள் எட்டிப் பார்க்கத் தயங்கினார்கள். அதற்காகவே போட்டி முடிந்ததும் வீரர்களை நேரே பிரிட்டனுக்குக் கொண்டுசேர்க்கத் தனி விமானமே ஏற்பாடு செய்தார்கள். இந்தப் போட்டியின் உயிர்நாடி 'பேர்டிஸ் ஃபார் சாரிட்டி' என்ற திட்டம். நீங்கள் உங்களுக்குப் பிடித்த உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்கு இந்தப் போட்டியின் வழியாக நன்கொடை கொடுத்தால், அது முழுவதும் அந்த நிறுவனத்துக்கே போகும். அதற்கு மேல் அந்த நன்கொடையில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் போட்டி தன் கையிலிருந்து சேர்த்துக் கொடுக்கும். எனவே வட்டாரத்தின் நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகள் இந்தப் போட்டி நிலைக்க வேண்டும் என்று பாடுபடுகின்றன. மேலே சொன்ன 2020-இல், போட்டியே நடக்காத நிலையிலும், இந்தத் திட்டம் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பந்தே அடிக்காத கோல்ஃப் போட்டி நன்கொடை வசூலித்தது என்றால் அதன் வேர் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஊர் அமைப்புகள் மட்டுமல்லாமல் டூரும் வரிவிலக்குப் பெற்ற சங்கமாகவே நெடுங்காலம் இயங்கியது. அதன் ஆணையர்களோ ஆண்டுக்குப் பல பத்து லட்சம் டாலர் சம்பளம் வாங்கினார்கள். தொண்டின் நிழலில் வியாபாரம் நடக்கிறது என்ற விமர்சனம் அமெரிக்காவிலேயே அடிக்கடி எழுந்தது; அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2024 ஜனவரியில் ஸ்ட்ராட்டஜிக் ஸ்போர்ட்ஸ் குரூப் என்ற முதலீட்டாளர் குழு 150 கோடி டாலரைப் போட முன்வந்தபோது, இலாப நோக்குள்ள ஒரு தனி நிறுவனத்தையே டூர் அமைத்துக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் விளம்பரதாரர் கைவிட்டுவிட்டால்?
— வாசகர், புதுச்சேரி

பதில்: போட்டி மறுவருடமே காணாமல் போகும், கூட்டம் நன்றாக வந்திருந்தாலும் சரி. இதைப் பெண்கள் கோல்ஃப் அனுபவித்துப் பார்த்திருக்கிறது. 1950-இல் பதின்மூன்று வீராங்கனைகள் தொடங்கிய எல்.பி.ஜி.ஏ. அமைப்புக்கு 2008-இல் 34 போட்டிகள் இருந்தன. அந்த ஆண்டு நிதி நெருக்கடி வந்தது. விளம்பரதாரர்களிடம் கூடுதல் பணம் கேட்டு நின்ற தலைமைக்கும் வீராங்கனைகளுக்கும் பிணக்கு முற்றி, 2009-இல் ஆணையர் கேரலின் பிவன்ஸ் பதவி விலகினார். 2011-இல் போட்டிகள் 23 ஆகச் சுருங்கின. ஆட்டத்தின் தரம் சிறிதும் குறையவில்லை. அது வீராங்கனைகளின் தவறே அல்ல. வங்கிகளுக்கும் கார் நிறுவனங்களுக்கும் கஷ்டகாலம் வந்தது, அவ்வளவுதான்.

2010-இல் பொறுப்பேற்ற மைக் வான் செய்த காரியங்கள் கவனிக்கத்தக்கவை. ஒவ்வொரு போட்டிக்கும் பணம் கொடுப்பவர் யார், அவர் இதிலிருந்து எதிர்பார்ப்பது என்ன என்பதை வீராங்கனைகளுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தினார். போட்டி முடிந்ததும் விளம்பரதாரருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுதும் பழக்கத்தை வலியுறுத்தினார். 2011-இல் ஃபீனிக்ஸில் 'ஃபவுண்டர்ஸ் கப்' என்ற புதிய போட்டியை, வீராங்கனைகளுக்குப் பரிசே இல்லாமல் நடத்தினார்; தரவரிசைக்காகக் காகிதத்தில் மட்டும் ஒரு பரிசுத் தொகை எழுதப்பட்டது, பணம் தொண்டுக்குப் போனது. சிலர் எதிர்த்தார்கள், ஆனால் பலர் வந்து ஆடினார்கள். வென்றவர் ஆஸ்திரேலியாவின் காரி வெப். கூடவே ஆசியாவைப் பார்த்துத் திரும்பினார்கள்: தென்கொரிய வீராங்கனைகளின் வெற்றிகளால் அந்நாட்டு ஒளிபரப்பு உரிமை பெரும் வருமானமாகியது; கொரியா, ஜப்பான், சீனா, தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று போட்டிகள் நகர்ந்தன. சில ஆண்டுகளில் எண்ணிக்கை மீண்டும் 30-ஐத் தாண்டியது. அதே ஃபவுண்டர்ஸ் கப்புக்கு 2021 முதல் சில ஆண்டுகள் பெயர் கொடுத்ததும் நம் சென்னை வாசகி கேட்ட காக்னிசன்ட்தான்.

ஒரு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கோல்ஃப் பிரியராக இருந்து ஓய்வு பெற்று, அடுத்து வந்தவர் கார் பந்தயப் பிரியராக அமைந்துவிட்டால், இருபது ஆண்டு நடந்த போட்டிக்கும் ஆபத்துதான். கூட்டம் குறைவதைப் பற்றி எந்த அமைப்பாளரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை; நிர்வாகி மாறும் செய்தி வந்தால் கெடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: தோஹாவில் வேலை செய்கிறேன். இங்கே நடக்கும் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டிக்கு ஒரு வாரநாளில் போனபோது என்னையும் சேர்த்து ஒரு பேருந்தளவு ஆட்கள்தான் இருந்தோம். இருந்தும் ஆண்டு தவறாமல் எப்படி நடத்துகிறார்கள்?
— வாசகர், தோஹா

பதில்: அங்கே கணக்கு வேறு, நிறுவனத்தின் இடத்தில் அரசு நிற்கிறது. 1998 முதல் நடக்கும் அந்தப் போட்டியும், துபாய், அபுதாபி போட்டிகளும் உலகத் தொலைக்காட்சியில் தம் நகரை வாரம் முழுவதும் காட்டுவதற்காக நடத்தப்படுபவை. ஆப்பிரிக்காவில் ஒரு போட்டியின் பெயரே 'மேஜிக்கல் கென்யா ஓபன்'. அது அந்நாட்டுச் சுற்றுலாத் துறையின் விளம்பர முத்திரை. 2019-இல் தொடங்கிய பெர்முடா சாம்பியன்ஷிப்புக்கு அத்தீவின் சுற்றுலா ஆணையம் பணம் போட்டது. நியூயார்க்கில் குளிர் தொடங்கும் வாரங்களில், வீட்டில் போர்வைக்குள் அமர்ந்திருப்பவருக்கு நாலு நாளும் நீலக்கடலை வானிலிருந்து காட்டினால், அவர்களில் சிலராவது விமானச் சீட்டு எடுப்பார்கள் என்பது கணக்கு. தீவுக்கு வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் ஒரு வரியாக வந்துபோகும்.

சவூதியின் அரசு முதலீட்டு நிதி 2022-இல் தொடங்கிய லிவ் கோல்ஃப் என்ற போட்டித் தொடர் இதை எல்லைவரை கொண்டுபோனது. தொடங்கியபோது வழக்கமான ஒரு போட்டிக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் பரிசு. ஆனால் தொடக்க ஆண்டில் அமெரிக்காவில் அதைக் காட்ட ஒரு பெரிய தொலைக்காட்சிகூட முன்வரவில்லை. அடுத்த ஆண்டு கிடைத்த சி.டபிள்யூ. தொலைக்காட்சி ஒப்பந்தமும் வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகவே செய்திகளில் வந்தது. பிரிட்டனில் பதிவான அதன் நிறுவனக் கணக்கு 2023-க்கு மட்டும் 39 கோடி டாலர் இழப்பைக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மட்டும் தொடக்கத்திலிருந்தே கூட்டம் நெரிந்தது. கையில் எண்ணெய்ப் பணம் உள்ளவரை இப்படி நடத்தலாம். ஆனால் இதை யாரும் தன் காலில் நிற்கும் தொழில் என்று சொல்லக் கூடாது. நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பழைய ஐரோப்பிய டூரும் வருடாவருடம் இலாபம் பார்க்கும் அமைப்பல்ல. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் ரைடர் கோப்பை தன் மண்ணில் நடக்கும்போது வரும் பணத்தையே அது பெரிதும் நம்பியிருக்கிறது.

கேள்வி: இந்தியாவில்?
— வாசகர், மதுரை

பதில்: நம் நாட்டில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை, சீட்டு விற்று வருமானம் பார்க்கலாம் என்று நம் அமைப்பாளர்கள் கனவுகூடக் காண்பதில்லை. 2006-இல் உருவான பி.ஜி.டி.ஐ. என்ற தொழில்முறை அமைப்பு, 2024 முதல் கபில் தேவ் தலைமையில் இயங்குகிறது. அதன் வழக்கமான போட்டி ஒன்றின் மொத்தப் பரிசு ஒரு கோடி ரூபாய் அளவில் இருக்கும், முதலிடம் பெறுபவருக்கு 15 லட்சம். அந்த ஒரு கோடியை டாட்டா ஸ்டீல் போன்ற நிறுவனங்களும், ஊர் கிளப்பும், சில இடங்களில் மாநில அமைப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. சென்னை நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள காஸ்மோ மைதானத்திலும் இத்தகைய போட்டிகள் நடந்திருக்கின்றன. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பேருந்தில் ஆயிரக்கணக்கானோர் போய்க்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் வீரர்கள், அவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகள், சில கிளப் உறுப்பினர்கள், ஒரு குடும்பம். இந்தப் பந்தயங்களில் ஆடுபவர்களில் கேடியாக இருந்து முன்னேறியவர்கள் பலர் உண்டு. இலங்கையிலிருந்து வந்து ஆடும் என். தங்கராஜா போன்றவர்களும் உண்டு. வாரத்துக்கு வாரம் ஊர் மாறும் இவர்கள், போட்டியின் பாதியில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்' கோட்டைத் தாண்டாவிட்டால் பயணச் செலவு கைக்காசு.

பெரிய பணம் வெளிநாட்டு டூரோடு சேரும்போது மட்டும் வருகிறது. 1964-இல் தொடங்கிய இந்தியன் ஓபனை 2005 முதல் ஹீரோ நிறுவனம் தாங்கிப் பிடித்து வந்திருக்கிறது. அதே ஹீரோதான் பஹாமாஸ் தீவில் டைகர் உட்ஸ் நடத்தும் போட்டிக்கும் பெயர் கொடுக்கிறது. உள்நாட்டில் மோட்டார் சைக்கிள் விற்க கோல்ஃப் உதவும் என்பதைவிட, வெளிநாட்டில் தன் பெயர் தெரிய வேண்டும் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் 40 லட்சம் டாலர் பரிசோடு ஒரு போட்டி நடந்தது; ரோரி மெக்கில்ராய் வந்தார், டாமி ஃபிளீட்வுட் வென்றார். அதற்குப் பெயர் கொடுத்த டி.பி. வேர்ல்டு துபாயைச் சேர்ந்த துறைமுக நிறுவனம். சென்னை, கொச்சி, மும்பையை அடுத்த நவஷேவா ஆகிய இடங்களில் சரக்குப் பெட்டக முனையங்களை நடத்துவது. கொடியின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, அந்த நிறுவனத்துக்கு அந்த நாட்டில் யாரிடம் என்ன வேலை இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், எந்தப் போட்டியின் கணக்கும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

கேள்வி: விளம்பரதாரரும் இல்லை, அரசும் இல்லை, கூட்டமும் இல்லை என்றால் தொழில்முறைப் போட்டி நடக்கவே நடக்காதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நடக்கிறது. அமெரிக்காவில், குறிப்பாக ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில், 'மினி டூர்' என்ற சிறு போட்டிகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. ஒளிபரப்பு கிடையாது, கயிறு கிடையாது, நுழைவாயிலும் கிடையாது. ஒவ்வொரு வீரரும் நூற்றுக்கணக்கான டாலரை நுழைவுக் கட்டணமாகக் கட்டுகிறார். அமைப்பாளர் தன் செலவையும் மைதான வாடகையையும் எடுத்துக்கொண்டு மீதியைப் பரிசாகப் பிரித்துக் கொடுக்கிறார். வென்றவர் வாங்கும் காசோலை, அன்று தோற்றவர்கள் காலையில் கட்டிய பணம்.